ஒரு மாதம், ஒரே ஊர்: மெக்சிகோவில் எங்கே தங்கிச் சாப்பிடலாம்?

என் தங்கைக்கு எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம் என்று அலுவலகத்தில் அனுமதி கிடைத்திருக்கிறது. அவளும் அவள் வீட்டுக்காரரும் ஒரு மாதம் மெக்சிகோவில் இருந்துவிட்டு வர முடிவு செய்துவிட்டார்கள். இருவரிடமும் அமெரிக்க விசா இருப்பதால் மெக்சிகோவுக்குத் தனி விசா வேண்டியதில்லை. "அக்கா, நாலு ஊர் எழுதி வச்சிருக்கேன். ஊர் ஊரா ஓட இஷ்டமில்லை. ஒரே இடத்துல இருந்து நல்லா சாப்பிடணும். எது?" என்று கேட்டாள். மெக்சிகோ நகரம், மெரிதா, வஹாக்கா, புவெப்லா. நான்கிலும் நான் தங்கியிருக்கிறேன்: முதல் இரண்டில் சில நாட்கள், வஹாக்காவில் ஒரு மாதம், புவெப்லாவில் ஐந்து வாரம். அவளுக்குப் போனில் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

எந்த ஊரில் சாப்பாடு நன்றாக இருக்கும் என்று கேட்டால் நான்கிலும் நன்றாகத்தான் இருக்கும். மெக்சிகோவின் மரபுச் சமையலை 2010-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பெருமை நாடு முழுவதற்கும் உரியது. அதனால் கேள்வியை மாற்றிக் கேட்கச் சொன்னேன். அந்த ஊர்க்காரர்கள் மதியம் இரண்டு மணிக்கு என்ன சாப்பிடுகிறார்கள், அது நமக்கு எவ்வளவு எளிதாகக் கிடைக்கும்?

மெக்சிகோவில் பெரிய சாப்பாடு மதியம் இரண்டு மணிக்கு மேல்தான். ஃபோந்தா எனப்படும் சின்னச் சாப்பாட்டுக் கடைகளில் அந்த நேரத்தில் கொமிதா கொர்ரீதா கிடைக்கும். நம் ஊர் அளவுச் சாப்பாடு மாதிரி, ஒரே விலைக்கு எல்லாம் வரிசையாக வரும். முதலில் சூப், அடுத்து சோறோ சேமியாவோ, அப்புறம் அன்றைய குழம்போ வறுவலோ, கூடவே பீன்ஸ், துணியில் சுற்றிய சூடான தோர்த்தியா (மக்காச்சோள ரொட்டி), ஒரு ஜாடி பழத்தண்ணீர். புளியைக் கரைத்துச் சர்க்கரை போட்ட தண்ணீர் அங்கே சாதாரணம். புளிச்சைக்கீரை இனத்துச் செடியின் சிவந்த மொட்டிதழைக் கொதிக்க வைத்த தண்ணீரும் அப்படித்தான். விலை 100 பேசோவை ஒட்டி இருக்கும். ஒரு பேசோ ஏறத்தாழ ஐந்து ரூபாய். சாப்பிட்டு எழுகிறவர் பக்கத்து மேசைக்காரர்களைப் பார்த்து "ப்ரோவேச்சோ" என்று சொல்லிவிட்டுத்தான் வெளியே போவார். முன்பின் தெரியாதவர்களானாலும் சொல்வார். நன்றாகச் சாப்பிடுங்கள் என்று அர்த்தம்.

மூன்று நாள் தங்குகிறவர் ஊரின் பேர்போன பண்டத்தைத் தேடிப் போகலாம். முப்பது நாள் இருப்பவருக்கு அது இரண்டாவது நாளே தீர்ந்துவிடும். மீதி இருபத்தெட்டு மதியமும் ஃபோந்தாவையும் சந்தையையும் நம்பித்தான் ஓட வேண்டும். நான் ஊர்களை அளந்தது இந்த அளவுகோலால்தான்.

மெக்சிகோ நகரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எந்த மாநிலத்துச் சாப்பாடும் அங்கே உண்டு. ஐந்து பேசோ டிக்கெட்டில் மெட்ரோவில் ஊரின் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குப் போகலாம். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு நான்கு ஊரிலும் எளிதானது இதுதான். தெருமுனையில் ஓர் அம்மா நீல மக்காச்சோள மாவை நீளவாட்டில் தட்டி, உள்ளே மசித்த பீன்ஸ் வைத்து, எண்ணெயே இல்லாமல் கல்லில் சுட்டுக் கொடுப்பார். அதற்கு த்லகோயோ என்று பெயர். மேலே நறுக்கி வேகவைத்த நொபாலைப் போட்டு, பாலாடைக்கட்டி தூவுவார். நொபால் என்றால் நம் வேலியோரத்துச் சப்பாத்திக்கள்ளிதான். முள்ளைச் சீவிவிட்டுச் சமைப்பார்கள். தோர்த்தியாவை மடித்துச் சுடும் கெசதியாவும் பூசணிப்பூ வைத்து எங்கும் கிடைக்கும்.

ஆனால் ஊர் மிகப் பெரிது. ஒரு கடையைப் பிடித்துப் போய், திரும்பத் திரும்ப அங்கே போக நினைத்தால் பாதி நாள் பயணத்தில் போய்விடும். அதைவிட எனக்கு உறுத்திய விஷயம் வேறு. வெளிநாட்டிலிருந்து வந்து தங்கி வேலை பார்க்கிறவர்கள் கொந்தேசா, ரோமா பகுதிகளில் குவிந்ததில் வாடகை ஏறிவிட்டது. பல வருடம் குடியிருந்த குடும்பங்கள் வெளியேற வேண்டியிருக்கிறது என்று 2025 ஜூலையில் மக்கள் அங்கே ஊர்வலம் போனார்கள். தங்கை தேடி வைத்திருந்த வீடும் கொந்தேசாவில்தான் இருந்தது. வந்து இறங்கும்போது மூன்று நான்கு நாள் இருந்துவிட்டுக் கிளம்பு என்றேன்.

மெரிதாவைப் பருவம் பார்த்துத்தான் சொல்ல முடியும். யுகதான் தீபகற்பத்தில், கடல் மட்டத்துக்குச் சற்று மேலே இருக்கும் சமவெளி ஊர். ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தொடும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சுகமாக இருக்கும். மெக்சிகோ நகரத்திலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரம். பஸ்ஸில் போனால் ஏறக்குறைய ஒரு நாள்.

அந்த ஊர்ச் சமையலுக்குக் கிழமைக் கணக்கு இருப்பது எனக்கு மிகவும் பிடித்தது. திங்கள் என்றால் பன்றிக்கறி போட்ட கறுப்பு பீன்ஸ். ஞாயிறு காலை என்றால் கொச்சினீத்தா பிபில். பன்றிக்கறியைச் சிவப்பு அச்சியோத்தே விதை அரைத்த மசாலாவிலும் புளிப்பு ஆரஞ்சுச் சாற்றிலும் ஊறவைத்து, வாழையிலையில் பொதிந்து, மண்ணில் தோண்டிய அடுப்புக்குழியில் மூடி வேகவைப்பது முறையான செய்முறை. காலையில் பொதியைப் பிரித்தால் கறி நாராகப் பிரியும். மதியத்துக்குள் விற்றுத் தீர்ந்துவிடும். தொட்டுக்கொள்ள அபனேரோ மிளகாய் போட்ட ஷ்னிபெக். மாயா மொழியில் அதற்கு நாயின் மூக்கு என்று பொருள். ஒரு வாய் சாப்பிட்டதும் நம் மூக்கும் அப்படி ஈரமாகிவிடும்.

முட்டை சாப்பிடும் சைவர்களுக்கு அங்கே பாபத்சூல் இருக்கிறது. பூசணி விதையை வறுத்து அரைத்த பச்சைக் குழம்பில் தோர்த்தியாவைத் தோய்த்து, அவித்த முட்டையை உள்ளே வைத்துச் சுருட்டி, மேலே தக்காளிக் குழம்பு ஊற்றுவார்கள். நன்றாகச் செய்கிறவர்கள் அரைத்த விதையைக் கையால் பிழிந்து, அதில் கசியும் பச்சை எண்ணெயைத் தனியாக எடுத்துவைத்து, கடைசியில் சொட்டுச் சொட்டாக மேலே விடுவார்கள். நம் ஊரிலும் சிலர் வீட்டில் வளர்க்க ஆரம்பித்திருக்கும் சாயா கீரைக்குச் சொந்த ஊரும் இந்தப் பகுதிதான். அதைப் பச்சையாகத் தின்னக் கூடாது, நன்றாக வேகவைக்க வேண்டும். இவை போக மெரிதாவின் மதியச் சாப்பாட்டில் பன்றிதான் பெரும்பங்கு. அதை விரும்பிச் சாப்பிடுகிறவர், குளிர்காலத்தில் போகிறவர் என்றால் மெரிதாவே போதும். தங்கை வீட்டுக்காரர் இரண்டும் இல்லை.

இனி வஹாக்கா. அங்கேதான் எனக்கு மக்காச்சோளம் என்றால் என்னவென்று புரிந்தது.

காய்ந்த மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு கரைத்த தண்ணீரில் வேகவைத்து, இரவு முழுக்க அப்படியே விடுவார்கள். காலையில் கழுவும்போது மேல்தோல் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். நிஷ்தமால் என்னும் இந்த முறையால்தான் மாவு ஒட்டிக்கொண்டு தட்டுவதற்கு வாகாகிறது. தானியத்தில் உடம்புக்குச் சேராமல் கட்டுண்டு கிடக்கும் நியாசின் சத்தும் விடுபடுகிறது. மக்காச்சோளத்தை வாங்கிக்கொண்டுபோன ஐரோப்பா இந்தச் சுண்ணாம்புப் பக்குவத்தை விட்டுவிட்டது. அதையே முக்கிய உணவாக்கிக்கொண்ட ஏழைகளுக்குப் பெலாக்ரா நோய் வந்தது அந்தச் சத்துக் குறைவால்தான். நான் தங்கியிருந்த தெருவில் ஒரு மாவு மில் இருந்தது. காலையில் பெண்கள் ஊறவைத்த சோளத்தோடு வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். வீட்டில் கிரைண்டர் வருவதற்கு முன்னால் எங்கள் தெருவில் இட்லி மாவு அரைக்க நின்ற வரிசை அப்படியே கண்முன் வந்தது.

அந்த மில்லுக்கு எதிரில் காலை ஏழரைக்கு ஒரு மெமேலாக் கடை போடுவார்கள். கடையம்மாவின் கொமால் ஒரு பெரிய மண் தட்டு. மாவு ஒட்டாமலிருக்க அதற்குச் சுண்ணாம்பு பூசியிருக்கும். மாவைக் கனமாகத் தட்டிப் போட்டு, ஒருமுறை திருப்பி, அது கொதிக்கும் சூட்டில் இருக்கும்போதே விரல் நுனியால் ஓரத்தைச் சுற்றிக் கிள்ளிக் கிள்ளி வரப்பு மாதிரி எழுப்புவார். உள்ளே பன்றிக்கொழுப்பின் வண்டலான அசியேந்தோவைத் தடவி, அவக்காடோ இலை சேர்த்து அரைத்த கறுப்பு பீன்ஸை மேலே பூசி, பாலாடைக்கட்டியை உதிர்த்துப் போடுவார். அந்த இலையில் சோம்பு வாசனை வரும். பத்து விரலும் சூட்டுக்குப் பழகிப்போனவை. நான் அருகில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பேன்.

அந்த ஊர்ச் சந்தைக்குள் போனால் தமிழ்க்காரிக்குப் பாதிப் பொருள் அடையாளம் தெரியும். ஓஹா சாந்தா என்று இருதய வடிவில் பெரிய இலை விற்பார்கள். மோலே எனப்படும் அரைத்த குழம்பு வகைகளில் சேர்ப்பது. வெற்றிலையும் மிளகும் சேர்ந்த பேரினத்தையே சேர்ந்தது அது. கிள்ளி முகர்ந்தால் வெற்றிலையின் கார வாசனை சட்டென்று தட்டுப்படும். குவாஹே என்று நீளமான தட்டைக் காய்களைக் கட்டுக்கட்டாக அடுக்கியிருப்பார்கள். நாம் ஆட்டுக்கு ஒடித்துப் போடும் சூபாபுல்லின் இனம். அங்கே விதையை உரித்து மனிதர்களே சாப்பிடுகிறார்கள். வஹாக்கா என்ற பெயரே அந்த மரத்திலிருந்து வந்ததுதான்.

மீனா தெருவில் சாக்லேட் மில்கள் வரிசையாக இருக்கின்றன. வறுத்த கக்காவோ, சர்க்கரை, பாதாம், பட்டை இவற்றை நாம் சொல்லும் அளவில் நிறுத்து, கண்ணெதிரே அரைத்துத் தருவார்கள். சூடாகக் களிமாதிரி வழிந்து வரும். அந்தப் பட்டை பெரும்பாலும் இலங்கைக் கறுவா. அந்த மெல்லிய ரகத்தை அதிகம் வாங்கும் நாடுகளில் மெக்சிகோவும் ஒன்று. சுற்றுவட்டாரச் சந்தைகளுக்குக் கிழமை உண்டு: எத்லாவில் புதன், சாச்சீலாவில் வியாழன், ஒகோத்லானில் வெள்ளி, த்லகோலுலாவில் ஞாயிறு. இதை வைத்தே ஒரு மாதத்தை அழகாகத் திட்டமிடலாம். மோலேயிலேயே ஏழு வகை சொல்வார்கள்.

இவ்வளவு இருந்தும் ஒரு மாதத்துக்கு வஹாக்கா என்று சொல்ல எனக்குத் தயக்கம் இருக்கிறது. நகர மையத்தில் ஃபோந்தாக்கள் குறைந்துகொண்டே வருகின்றன. அவை இருந்த இடங்களில் ஆங்கில மெனு வைத்த உணவகங்கள் வந்துவிட்டன. இரண்டு மணிச் சாப்பாட்டுக்கு சந்தைக்குள் போக வேண்டும், அல்லது மையத்தைத் தாண்டி நடக்க வேண்டும். குடியிருப்பு வாடகையை எதிர்த்து 2024-இல் இங்கேயும் ஊர்வலம் நடந்தது. தண்ணீர்ப் பஞ்சம் கடுமை. சில பகுதிகளில் குழாய்த் தண்ணீர் வாரக்கணக்கில் வராது; லாரித் தண்ணீர்தான். சென்னையில் 2019 கோடையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நான் தங்கிய வீட்டில் மாடித் தொட்டி காலியானபோது வீட்டுக்காரம்மா என்னிடம் எதுவும் சொல்லவில்லை. தன் வீட்டுத் துணிகளைத் துவைக்காமல் தள்ளிப்போட்டார். அது தெரிந்த நாளிலிருந்து எனக்கு அங்கே நிம்மதியாகக் குளிக்க முடியவில்லை. ஜூலையில் கெலகெத்சா விழா, அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் 2 வரை இறந்தோர் நினைவு நாட்கள். அந்த இரண்டு சமயத்திலும் கூட்டம் இன்னும் பல மடங்கு.

புவெப்லாவை முதலில் ஒரு பஸ் நிறுத்தமாகத்தான் நினைத்திருந்தேன். மெக்சிகோ நகரத்திலிருந்து இரண்டு மணி நேரம். விமான நிலையத்திலிருந்தே நேரடிப் பஸ் இருக்கிறது. 1531-இல் ஸ்பானியர்கள் அமைத்த ஊர். மையம் முழுக்க தலவேரா எனப்படும் வண்ண ஓடு பதித்த சுவர்கள், தேவாலயங்கள். பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு நாளில் கிளம்பிவிடுகிறார்கள். ஊர் தன்பாட்டுக்கு வேலை பார்க்கிறது. ஃபோக்ஸ்வாகன் கார் ஆலை, பெரிய பல்கலைக்கழகம், அரசு அலுவலகங்கள், துணிக்கடைகள். மதியம் இரண்டு மணிக்கு இத்தனை பேரும் சாப்பிட்டாக வேண்டும். அதனால் ஒவ்வொரு தெருவிலும் ஃபோந்தா இருக்கிறது. ருசி குறைந்தால் மறுநாள் அந்தக் கூட்டம் பக்கத்துக் கடைக்குப் போய்விடும். சுற்றுலாக்காரர்களை நம்பிய கடைக்கு இந்தப் பயம் கிடையாது.

நான் வழக்கமாகப் போன கடையில் ஆறு மேசை. கரும்பலகையில் அன்றைய மூன்று குழம்புகள். ஒரு வாரம் கழித்து நான் உட்கார்ந்ததுமே பழத்தண்ணீர் வந்துவிடும். இரண்டாவது வாரம் பச்சைத் தக்காளிக் குழம்பில் ஒரு கீரை வந்தது. பார்த்ததும் தெரிந்துவிட்டது, பருப்புக்கீரை. அங்கே வெர்தோலாகா என்கிறார்கள். எங்கள் வீட்டில் இதைப் பருப்போடு கடைவோம் என்று எனக்குத் தெரிந்த ஸ்பானிஷில் சொன்னேன். மறுநாள் அந்த அம்மா பன்றிக்கறி போடாமல் எனக்கென்று தனியாக ஒரு கிண்ணம் எடுத்து வைத்திருந்தார்.

எல் கார்மென் சந்தையில் பச்சைமிளகாயும் சௌசௌவும் வாங்கினால் கடைக்காரர் ஒரு கைப்பிடி கொத்தமல்லியைத் தூக்கிப் போடுவார். அதற்கு அங்கே பிலோன் என்று பெயர். கொசுறேதான். சௌசௌவும் மெக்சிகோக் காய்தான் என்பதை அங்கே போய்த்தான் தெரிந்துகொண்டேன். இரவு எட்டு மணி வாக்கில் சர்க்கரைவள்ளி சுட்டு விற்கும் வண்டி வரும். நீராவி விசில் நீளமாக ஊதும். முதல் நாள் பயந்தேன். பிறகு அந்தச் சத்தம் கேட்டால்தான் நாள் முடிந்த மாதிரி இருந்தது.

பேர்போன பண்டங்களுக்கும் புவெப்லாவில் குறைவில்லை. மோலே பொப்லானோ இந்த ஊர்ப் பெயரையே கொண்டது. காய்ந்த மிளகாய் வகைகள், எள், பாதாம், நேந்திரம்போன்ற வாழைக்காய், கருக்கிய தோர்த்தியா, கொஞ்சம் சாக்லேட் எல்லாம் சேர்த்து அரைத்த கறுஞ்சிவப்புக் குழம்பு. சந்தையில் விழுதாக எடைபோட்டு வாங்கி வந்து வீட்டில் கரைத்துக் கொதிக்கவிடலாம். எள் பதித்த செமீத்தா ரொட்டியில் பாப்பலோ என்ற மூலிகையை வைப்பார்கள். அதன் நெடி முதலில் தூக்கிப்போடும், நான்காவது முறை அது இல்லாமல் சாப்பிடத் தோன்றாது. 1930-களில் மேற்காசியாவிலிருந்து வந்து குடியேறியவர்கள் தொடங்கியது தாகோ ஆராபே; ரொட்டியில் சுருட்டித் தரும் அதன் கறி இன்னும் அதே மாதிரி நிமிர்ந்து சுழலும் கம்பியில்தான் வேகிறது. மெக்சிகோ நகரத்தின் பிரபலமான பஸ்தோர் தாகோவுக்கும் மூலம் இந்தச் சுழலும் கம்பிதான்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை போனால் சிலே என் நொகாதா கிடைக்கும். பெரிய பச்சை மிளகாயில் கறியும் ஆப்பிள், பேரி, பீச் பழத்துண்டுகளும் அடைத்து, மேலே அக்ரூட் அரைத்த வெள்ளைக் குழம்பு, மாதுளை முத்து. கொடியின் மூன்று நிறம். அந்த அக்ரூட் அந்தப் பருவத்தில் வரும் புதுக்காய். பருப்பின் மெல்லிய தோல் கசக்கும், ஒவ்வொன்றையும் நகத்தால் உரிக்க வேண்டும். வீட்டுக்காரம்மாவோடு உட்கார்ந்து நானும் ஒரு மாலை முழுக்க உரித்தேன். இரண்டு மணி நேரத்தில் ஒரு கிண்ணம் தேறியது. அந்தத் தட்டுக்கு ஏன் அந்த விலை என்று அதற்குப் பிறகு நான் கேட்டதில்லை.

இந்த ஊரில் இந்தியாவின் தடம் ஒன்றும் இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் போர்த்துக்கீசியர்களிடம் அகப்பட்டு, கொச்சி, மணிலா வழியாக அடிமையாகக் கொண்டுவரப்பட்ட ஒரு பெண் இங்கே விற்கப்பட்டாள். கதரீனா தெ சான் ஹுவான் என்று பெயர் மாற்றினார்கள். பக்திமிக்க பெண்ணாக மதிக்கப்பட்டு 1688-இல் இறந்தாள். இயேசு சபைத் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். முதல்முறை அங்கே நின்றபோது மனம் கனத்துப்போனது. தங்கையைக் கட்டாயம் போகச் சொல்லியிருக்கிறேன்.

குறைகளும் சொல்ல வேண்டும். ஊர் 2,100 மீட்டருக்கு மேல். முதல் இரண்டு நாள் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் சோறு சீக்கிரம் வேகாது, பருப்புக்குக் குக்கர் இல்லாமல் முடியாது. தங்கும் வீட்டில் குக்கர் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்தில் பொப்போகதேபெத் எரிமலை விழித்தபடியே இருக்கிறது. 2023 மே மாதம் சாம்பல் கொட்டி விமான நிலையத்தை மூடினார்கள். மழைக்காலத்தில் காலை வெயில், மாலை அடைமழை. குடிக்க எல்லா ஊரிலும் 20 லிட்டர் கேன் தண்ணீர்தான்.

சைவத்துக்கு வருகிறேன். நான்கு ஊரிலும் சிக்கல் கறியில் இல்லை, கண்ணுக்குத் தெரியாமல் சேர்வதில் இருக்கிறது. பீன்ஸைப் பன்றிக்கொழுப்பில் தாளித்திருப்பார்கள், சோற்றைக் கோழிச் சாற்றில் வேகவைத்திருப்பார்கள். "கறி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் இவை இரண்டும் தட்டில் வந்துவிடும். "சின் மந்தேக்கா", "சின் கால்தோ தே போயோ" என்று இரண்டையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். ஒரே கடைக்குத் தொடர்ந்து போவதன் பெரிய லாபம் இதுதான். மூன்றாவது நாளிலிருந்து சொல்லத் தேவையிருக்காது. ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தில் போனால் இன்னும் நல்லது. அந்த வெள்ளிக்கிழமைகளில் ஃபோந்தாக்களே கறியை நிறுத்திவிடும். பாலாடைக்கட்டி அடைத்த மிளகாய், உருளைக்கிழங்கு வடை போட்ட குழம்பு, நொபால், பயறுச் சூப் என்று பலகையே மாறிவிடும். கடைசி இரண்டில் மட்டும் காய்ந்த இறால் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

தங்கை கடைசியில் எடுத்த முடிவு இது. மார்ச் முதல் வாரம் கிளம்புகிறார்கள். மெக்சிகோ நகரத்தில் மூன்று இரவு, பிறகு புவெப்லாவில் மூன்று வாரம், எல் கார்மென் சந்தைக்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு குடும்பம் மாடியில் வாடகைக்கு விடும் அறை. கடைசி ஐந்து நாள் வஹாக்கா. புவெப்லாவிலிருந்து பஸ்ஸில் ஐந்து மணி நேரத்துக்குள் போய்விடலாம். சனிக்கிழமை காலைப் பஸ்ஸைப் பிடிக்கச் சொல்லியிருக்கிறேன். அப்போதுதான் மறுநாள் விடிந்ததும் த்லகோலுலா ஞாயிற்றுச் சந்தைக்குப் போக முடியும். புதன்கிழமை எத்லாவுக்கும் போய்விட்டு, வியாழன் கிளம்பலாம். மீனா தெருவில் எனக்கு ஒரு கிலோ சாக்லேட் அரைத்து வரச் சொன்னேன். சர்க்கரை பாதி அளவு, பட்டை கொஞ்சம் தூக்கலாக.